கற்பூர டப்பாவில் இருந்த மாத்திரைகள்

சென்ற ஆண்டு தை மாதம், சர்க்கரை ஆலையில் கரும்பு அரவை நடந்துகொண்டிருந்தபோது, என் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலக்கை செயலிழந்தது. நடை இரண்டு மாதத்தில் ஓரளவு திரும்பியது. விழுங்குவதுதான் திரும்பவில்லை. குழைத்த சோறு மெல்ல இறங்கும், மாத்திரை இறங்காது. ஒருநாள் மாத்திரை புரையேறி அவர் முகம் கறுத்துவிட்டது. அம்மா முதுகில் தட்டித் தட்டி அழுதாள். நான் கதவோரம் நின்றேன்.

இயல்பிலேயே நான் அதிகம் பேசாதவள். நம் கிருத்திகை வழிபாட்டுக் குழுவில் இதைச் சொல்லும்படி கேட்டபோதும், எழுதித் தருகிறேன் என்றுதான் சொன்னேன்.

அப்பாவின் குரலை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். மூங்கில்துறைப்பட்டு ஆலையில் கரும்பு டிராக்டர்களை வரிசையில் நிறுத்துவது அவர் வேலை. "ரிவர்ஸ் வுடு, ரிவர்ஸ் வுடு... போதும்யா, ஆலைக்குள்ளயே பூந்துடுவ போலக்கீது!" என்று அவர் போடும் சத்தம் நம் தெருவரை கேட்கிறது என்று அம்மா கேலி செய்வாள். கிருத்திகை மாலைகளில் கரும்புப்பாகின் வாசனையோடு வீடு வருவார். குளித்து, நீறணிந்து, சாமி அலமாரியிலிருந்து பித்தளை டப்பாவை எடுப்பார். கற்பூரத்தோடு நான்கு மிளகு போட்டு, மூடியை இறுக்கி வைத்திருப்பார். இல்லாவிட்டால் கற்பூரம் காற்றோடு போய்விடும் என்பார். ஏற்றிவிட்டு அவர் "அரோகரா" என்றால், அது மேற்கே கல்வராயன் மலைவரை போய்த் திரும்புவதாகச் சிறுவயதில் நம்பியிருந்தேன். அந்த டப்பாவை வேறு யாரும் தொட்டதில்லை.

புரையேறிய நாளுக்குப் பிறகு, அம்மா மாத்திரையைக் கொண்டுவந்தால் அப்பா, "வெச்சிட்டுப் போ, நானே போட்டுக்கிறேன்" என்பார். சற்றுநேரத்தில் தம்ளர் காலியாக இருக்கும். நாங்கள் நம்பினோம். ஆனால் ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போனது. கள்ளக்குறிச்சி டாக்டர் மாத்திரையின் அளவைக் கூட்டினார். இன்னொரு முறை பக்கவாதம் வந்தால் தாங்காது என்று எச்சரித்தார்.

என் அக்கா மலர் மருந்தியல் படிக்கிறாள். நான் தமிழ் இலக்கியம். அப்பாவைப் பார்த்த பிறகு, விழுங்க முடியாதவர்களுக்காக நாக்கில் வைத்ததும் கரையும் மாத்திரை செய்வதையே தன் இறுதியாண்டு ப்ராஜெக்டாக அவள் எடுத்துக்கொண்டாள். அது கைகூடவில்லை. இயந்திரத்தில் லேசாக அழுத்தினால் மாத்திரை கையில் எடுக்கும்போதே உதிர்ந்தது. பலமாக அழுத்தினால் தண்ணீரில் கல்லாகக் கிடந்தது. ஒவ்வொரு வாரமும் கல்லூரியிலிருந்து வாடிய முகத்தோடு வந்தாள்.

வைகாசிக் கிருத்திகையன்று மாலை, நான் மட்டும் அலமாரிமுன் நின்று, "முருகா, அப்பாவின் தொண்டையைத் திற" என்று வேண்டினேன். அதற்கு மேல் வேண்டத் தெரியவில்லை. கற்பூரம் ஏற்றலாம் என்று டப்பாவை எடுத்தேன். மூடி சும்மா மேலே கிடந்தது. உள்ளே கற்பூரம் இல்லை, வாசனை இருந்தது. மிளகு இருந்தது. அவற்றோடு வெள்ளையும் மஞ்சளுமாக, பல வாரத்து மாத்திரைகள்.

அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"பயமா இருக்குதும்மா. அன்னிக்கு மாதிரி அடைச்சிக்கும்னு பயம். குப்பையில போட மனசு வரல. சாமிகிட்ட வெச்சிட்டேன்."

ஒரு கையால் மூடியை அழுத்த அவருக்கு முடிந்திருக்கவில்லை. கற்பூரம் அப்படித்தான் போயிருந்தது.

அக்காவிடம் டப்பாவை நீட்டினேன். "இன்னாடி இது!" என்று பதறியவள், மாத்திரைகளை எண்ணத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினாள். கற்பூரம் இல்லாத டப்பாவையே பார்த்தாள்.

"கற்பூரம் பறந்துடும் இல்ல? மேடம் கிளாஸ்ல சொன்னாங்கடி. மாத்திரையில கற்பூரத்தக் கலந்து செய்யலாம், அது பறந்தா ஓட்ட வுழும், தண்ணி சட்டுனு உள்ள எறங்கும்னு. நோட்டுல எழுதிக்கினு அப்படியே மறந்துட்டேன்."

பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "ஆனா நான் செய்யறத அப்பாவுக்குத் தர முடியாது, அது படிப்புக்கு. வாயில கரையற மாத்திரை வெளியிலயே இருக்குது. அவருக்கு எது ஆகும்னு டாக்டர்தான் சொல்லணும். எனக்கு நாளைக்கு லேப் இருக்குது. நீதான் கூடப் போவணும். சொல்லுவியா?"

சொல்வேன் என்று தலையசைத்தேன். மறுநாள் அப்பாவோடு கள்ளக்குறிச்சிக்குப் போன பஸ் ஓடிய தூரமெல்லாம் முருகனைத்தான் துணைக்கு அழைத்தேன்.

"மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"சாப்ட்டுக்கினுதாங்க இருக்கேன்" என்றார் அப்பா.

நான் பையிலிருந்து டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்துத் திறந்தேன். "இல்லைங்க. அப்பாவால முழுங்க முடியல. முன்ன ஒரு தடவ புரையேறிச்சி. இத்தன நாளா நாங்க யாருமே உங்ககிட்ட சொல்லல." குரல் என்னுடையதுதானா என்று எனக்கே வியப்பாக இருந்தது.

"போலீஸ்ல புடிச்சிக் குடுத்தா மாதிரி குடுத்துட்டியேம்மா" என்றார் அப்பா. டாக்டர் சிரித்துவிட்டார். "இத மொதல்லயே சொல்லக் கூடாதாங்க? நீங்க சாப்பிடுறீங்கன்னு நெனச்சில்ல அளவக் கூட்டினேன்!" ஒரு கரண்டி தண்ணீர் கொடுத்து விழுங்கச் சொல்லிப் பார்த்தார். பழைய சீட்டை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார். சிலவற்றுக்குப் பதில் நாக்கில் கரைபவை. ஒன்றுக்குப் பதில் திரவ மருந்து. எதையும் நாமாகத் தூளாக்கக் கூடாது என்றார். விழுங்கும் பயிற்சிக்கும் அனுப்பினார்.

அன்று மாலை அப்பா முதல் மாத்திரையை நாக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். நாங்கள் மூச்சு விடவில்லை. கண் திறந்து, "எங்க போச்சி?" என்றார். அம்மா சிரித்தாள். பிறகு அழுதாள்.

ஆனி மாதத்தில் அக்கா என்னைத் தன் ஆய்வகத்துக்கு அழைத்துப் போனாள். மாத்திரைக் கலவையில் கற்பூரம் சேர்த்து உறுதியாக அழுத்தி, பிறகு இளஞ்சூட்டில் வைத்திருந்தாள். கற்பூரம் துளியும் உள்ளே தங்கக் கூடாது என்பதால், எடை குறைவது நிற்கும்வரை தராசில் வைத்து வைத்துப் பார்த்தாள். அது போன இடமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத துளைகள். ஈரம் எவ்வளவு விரைவாக உள்ளே ஏறுகிறது என்று பார்க்க, சிறு தட்டில் மடித்த காகிதம், அதில் நீலநிறத் தண்ணீர், அதன்மேல் அந்த மாத்திரை. நான் மனத்துக்குள் மூன்று முறை "அரோகரா" சொல்லி முடிப்பதற்குள் நீலம் உச்சிவரை ஏறிவிட்டது. அப்பா ஏற்றி, ஒன்றும் மிச்சமின்றி எரிந்து முடிந்த கற்பூரங்கள் அத்தனையும் அப்போது நினைவுக்கு வந்தன.

அப்பாவின் ரத்த அழுத்தம் இப்போது கட்டுக்குள் இருக்கிறது. ஆடிக் கிருத்திகையன்று இடக்கையால் அவரே கற்பூரம் ஏற்றினார். "அரோகரா" கரகரத்தே வந்தது, மலைவரை போயிருக்காது. எனக்குப் போதுமாக இருந்தது. நான் வேண்டியது அப்பாவுக்காக. முருகன் முதலில் என்னைப் பேசவைத்தான். அதற்காகவே நன்றியோடு இதை எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் யாரேனும் விழுங்க முடியாமல் தவித்தால், தயங்காமல் அவன் காலடியில் சொல்லுங்கள். அப்படியே எழுந்துபோய் டாக்டரிடமும் சொல்லுங்கள். முருகன் கைவிட மாட்டான்.

அந்த டப்பாவை இறுக்கி மூட வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். அப்பா ஒரு கையால் திறக்க வேண்டும். கற்பூரம் கொஞ்சம் குறையும். குறையட்டும்.