டீச்சர் கட்டிய மஞ்சள் நூல்

எங்கள் பெரிய வாத்தியார் காலை முறித்துக்கொண்டார் என்ற செய்தி வந்த அன்று, முகத்தைத் துக்கமாக வைத்துக்கொள்ள நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆற்றுத் துறையில் சேறு வழுக்கி விழுந்தாராம். ஆறு என்று நாங்கள் சொல்வது மட்டக்களப்பு வாவியைத்தான். அதற்கு மேற்கே, படுவான்கரையில் இருந்தது எங்கள் ஊர். வாத்தியாரைத் தோணியில் ஏற்றி அக்கரையில் புளியந்தீவு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவருடைய பிரம்பு மட்டும் பள்ளிக்கூடத்துக் கூரையில் செருகியபடியே இருந்தது.

அவர் குணமாகி வரும்வரைக்கும் என்று மிஷன்காரர் அனுப்பி வைத்தது ஓர் இளம் பெண்ணை. ஊரே திகைத்துப் போனது. புளியந்தீவில் பிறந்து வளர்ந்த வேதக்காரப் பிள்ளை, கிறிஸ்தவர்களை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். வெள்ளைச் சேலை, கையில் ஒரு துணிப்பை. பைக்குள் புதுப்பிரம்பு இருக்கும் என்று நாங்கள் எதிர்பார்த்தோம். இருந்ததோ நூல் உருண்டைகளும் நுனி வளைந்த ஓர் ஊசியும். டீச்சருக்கு நூலைப் பூவலையாக ரேந்தை பின்னுவதில் அப்படி ஒரு பிரியம். பிள்ளைகள் கணக்குச் செய்யும் நேரமெல்லாம் அவருடைய விரல்கள் சும்மா இருக்காது.

எங்களை மேய்ப்பது லேசான காரியம் இல்லை. மண்டபம் ஒன்று, அதற்குள் வகுப்பு மூன்று, நடுவில் ஒரு தட்டிகூடக் கிடையாது. ஒரு வகுப்பு பாட்டுப் பாடினால் மற்ற வகுப்பு கழித்தலில் பிழைவிடும். ‘கண்ணகை’ என்று கூப்பிட்டால் பாதிப் பெண்பிள்ளைகள் எழும்பி நிற்போம். ஊரின் தெய்வம் கண்ணகை அம்மன், ஆனபடியால் பெயருக்குப் பஞ்சம். கரையில் வலை இழுக்கும் சத்தம் கேட்டாலோ பையன்கள் அரைச்சுவரைத் தாண்டி ஓடிவிடுவார்கள். டீச்சர் பிரம்பைத் தொடவே இல்லை. அடிக்காத வாத்தியாரிடம் எப்படி நடந்துகொள்வது என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை.

ஒருநாள் பையன்கள் அவருடைய பைக்குள் ஒரு நண்டை விட்டுவைத்தார்கள். டீச்சர் கையை விட்டு எடுத்தபோது, பல நாள் பின்னிய ரேந்தையோடு சிக்குண்டு அது தொங்கியது. கூச்சல் போடுவார், அழுவார் என்று காத்திருந்தோம். அவர் தரையில் உட்கார்ந்து, நண்டின் ஒவ்வொரு காலாக நூலை எடுத்துவிட்டு, அதை வாசலுக்குக் கொண்டுபோய் ஆற்றுப் பக்கம் திருப்பி விட்டுவிட்டு வந்தார். அதுவரைக்கும் மண்டபத்தில் ஒரு பிள்ளை இருமவில்லை. எங்களுக்கு விழுந்த முதல் அதிர்ச்சி அதுதான்.

வாய்ப்பாட்டுக்கு அவர் கண்டுபிடித்த வழி இன்னும் அதிசயம். பிழையில்லாமல் ஒரு வாய்ப்பாடு சொன்னால், ஊசியால் ஒரு சிவப்பு நூற்சங்கிலி பின்னிப் பிள்ளையின் மணிக்கட்டில் கட்டிவிடுவார். பெரிய வாத்தியார் பிரம்பால் புகட்ட முடியாததை இந்தச் சிவப்பு நூல் புகட்டிவிட்டது. மாடு மேய்க்கும்போதும் தண்ணீர் அள்ளும்போதும் ஊர்ப்பிள்ளைகள் முணுமுணுத்துக்கொண்டு திரிந்தார்கள். மந்திரம் படிக்கிறார்களோ என்று சிலர் பயந்ததும் உண்டு.

பிறகு சிவப்பு நூல் முடிந்துவிட்டது. பையில் வெள்ளைதான் மிச்சம். வெள்ளை நூலைப் பிள்ளைகள் விரும்பவில்லை என்று கண்ட டீச்சர், தான் தங்கியிருந்த என் பெரியம்மா வீட்டில் கொஞ்சம் மஞ்சள் வாங்கி, அரைத்து, நூலை அதில் ஊறவைத்து வெயிலில் காயப்போட்டார். பெரியம்மா அந்த நேரம் வயல்வட்டையில் வேலைக்காரருக்குச் சோறு கொண்டுபோயிருந்தார். வீட்டில் இருந்திருந்தால் அங்கேயே தலையில் கைவைத்திருப்பார்.

எங்கள் ஊரில் அம்மன் கோயில் கதவு வருஷத்தில் ஒரு தரம், வைகாசியில்தான் திறக்கும். திறந்த நாளிலிருந்து, அம்மனைக் குளிரச்செய்யும் குளிர்த்திச் சடங்கு முடியும்வரை, கோயில் தொண்டு செய்கிறவர்கள் மணிக்கட்டில் காப்புக் கட்டிக்கொள்வார்கள். காப்பு என்றால் வேறொன்றுமில்லை, மஞ்சளில் ஊறிய வெள்ளை நூல். அதைக் கட்டியவர் மீன் தின்னக்கூடாது, ஆற்றைத் தாண்டக்கூடாது. இடையில் அறுத்தால் என்ன நடக்கும் என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. கேட்டாலே கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

இது பிள்ளைகளுக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். நன்றாகத் தெரியும். ஆனால் காப்பைக் கட்டுகிறவர் கோயில் பூசை செய்யும் கட்டாடியார். வாய்ப்பாட்டுக்குக் கட்டுகிறவர் டீச்சர். இரண்டும் ஒன்றாகிவிடும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. கோயில் கதவு திறந்த மறுநாள் டீச்சர் மண்டபம் முழுக்க மஞ்சள் நூலைக் கட்டிவிட்டார், நாங்களும் பூரிப்போடு வீட்டுக்கு ஓடினோம்.

என் தம்பி மகா மக்கு என்று பெயரெடுத்தவன். அன்றுதான் முதல் முதலாக மூன்றாம் வாய்ப்பாட்டைச் சொல்லி முடித்திருந்தான். ஓடிவந்த வேகத்தில் சட்டியிலிருந்த மீன் ஆணத்தைச் சோற்றில் ஊற்றித் தின்றுவிட்டுத்தான் கையை நீட்டி அம்மாவிடம் காட்டினான்.

“ஆரு மனே இதக் கட்டின?”

“டீச்சர்.”

அம்மாவின் முகம் செத்துப்போனதை நான் பார்த்தேன். “மீனையும் திண்டுட்டானே, தாயே” என்று சொன்னபடி அப்படியே தரையில் இருந்துவிட்டார். என் கையில் இருந்த நூலை நான் மெல்லப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் தம்பிக்கு உடம்பு தூக்கிப் போட்டது. இரண்டு நாளாக விட்டுவிட்டுக் காய்ச்சல் வந்துகொண்டிருந்த பிள்ளைதான் அவன். அதை அம்மா மறந்தே போனார். பல் கிட்டி, கண் செருகி, கையும் காலும் இழுக்கத் தொடங்கியது. அம்மாவுக்கு அது அம்மனுடைய கோபம். வேறு காரணம் கிடையாது.

அப்பா துறைக்கு ஓடி ஒரு தோணியைப் பிடித்து நிறுத்திவிட்டு வந்தார். “இப்ப வெளிக்கிட்டாத்தான் பொழுதுபட முந்தி ஆஸ்பத்திரிக்குப் போகலாம்” என்றார். அம்மா தம்பியை மடியில் இறுக்கிக்கொண்டு, காப்போடு ஆற்றைத் தாண்ட விடமாட்டேன் என்றுவிட்டார். அப்பா உள்ளே போனார். கத்தியை எடுத்து வந்து நூலுக்குக் கீழே வைத்தார். அம்மா அந்தக் கத்தியின் வாயையே கையால் பொத்திப் பிடித்தார்.

உள்ளங்கையிலிருந்து இரத்தம் கொட்டியது. அம்மா விடவில்லை. அப்பாதான் விட்டார். இவ்வளவு வயதுக்குப் பிறகும் அந்தக் கை என் கண்ணுக்குள் நிற்கிறது.

மாமா ஓடிப்போய்க் கட்டாடியாரைக் கூட்டிவந்தார். அவர் தம்பியின் கையைத் தூக்கிப் பார்த்தார். பாவம், அவருக்கும் திகைப்புத்தான். வேதக்காரப் பிள்ளை கட்டிய காப்பை என்ன செய்வதென்று அவருடைய முன்னோர் யாரும் சொல்லி வைத்திருக்கவில்லை.

“இது நான் கட்டினதில்ல. எனக்கு அவுக்க ஏலா. கட்டின கைதான் அவுக்கணும்” என்றார் கடைசியில்.

“அவுத்தா மறுகா?” என்று கேட்டார் மாமா.

“அவுத்தத நிலத்தில போடப்படா. அவுத்த ஆளே தன்ட கையில கட்டிக் குளிர்த்தி முடியுமட்டும் காக்கணும். மீனும் இல்ல, ஆறு தாண்டவும் இல்ல.”

அழுகைச் சத்தம் கேட்டு அடுத்த வளவில் பெரியம்மா வீட்டிலிருந்து டீச்சர் அதற்குள் வந்து வாசலில் நின்றார். நடந்ததைப் பெரியம்மா அவர் காதில் சொல்லியிருக்க வேண்டும். முகம் வெளிறிப்போய் இருந்தது. “வேதக்காரப் புள்ளையப் போய் இதுக்குக் கேக்கலாமா” என்று மாமா இழுத்தார். அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

“நீதானே கட்டின. நீ காப்பியா?”

டீச்சரைப் பார்த்து ஒருவர் ‘நீ’ என்று சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். அப்பாவே தலையைக் குனிந்துகொண்டார்.

“காக்கிறன் அக்கா.”

“களட்டிப்போட மாட்டியே?”

“குளிர்த்தி முடியுமட்டும் களட்ட மாட்டன்.”

டீச்சர் முழந்தாளிட்டு, ரேந்தை ஊசியின் வளைந்த நுனியால் முடிச்சைக் கிளப்பி நூலை அவிழ்த்தார். ஒரு கையால் அதைத் தன் மணிக்கட்டில் கட்ட அவருக்கு வரவில்லை. கட்டாடியார் தொடத் தயங்கினார். அம்மாதான், இரத்தம் ஒழுகும் கையோடு, அதைச் சுற்றி மூன்று முடிச்சுப் போட்டார். டீச்சரின் வெள்ளைச் சேலையெல்லாம் சிவப்புக் கறை. அப்பாவும் மாமாவும் தம்பியைத் தூக்கிக்கொண்டு துறைக்கு ஓடினார்கள். வீட்டில் கைக்குழந்தை ஒன்று இருந்ததால் அம்மாவால் போக முடியவில்லை.

தோணி மறையும் முன்பே மற்றத் தாய்மார் தங்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். டீச்சர் முகம் சுளிக்காமல் எல்லோருடைய நூலையும் அவிழ்த்தார். என்னுடையதும் போனது. பொழுதுபடும்போது அவருடைய கை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை மஞ்சளாக இருந்தது.

அடுத்து வந்த நாட்களில் பள்ளிக்கூடம் வழமைபோல நடந்தது. ஒரு வித்தியாசம், தினமும் காலையில் அம்மா கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூட வேலியோரம் வந்து நிற்பார். கொஞ்ச நேரம் டீச்சர் நிற்கும் பக்கம் பார்ப்பார், போய்விடுவார். நான் ஒழுங்காகப் படிக்கிறேனா என்று வேவு பார்க்க வருகிறார் என்று எனக்கு ஒரே ஆத்திரம். தம்பி இன்னும் கண் திறக்கவில்லை என்றுதான் தோணிக்காரர் செய்தி கொண்டுவந்தார்கள். பெரியம்மா ஒருநாள் மறதியாகக் கருவாட்டுச் சம்பல் வைக்க, டீச்சர் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டுப் பட்டினியாகப் படுத்தாராம். பெரியம்மா அதை வீடு வீடாகப் போய்ச் சொன்னார். டீச்சர் அம்மனுக்குப் பயந்துவிட்டார் என்று எங்களுக்குப் பெருமை பிடிபடவில்லை.

அப்போதுதான் பள்ளிக்கூடத்துக்குப் பொறுப்பான போதகர் முன்னறிவிப்பில்லாமல் வந்து இறங்கினார். நல்ல மனிதர், எங்களுக்கு இனிப்புக் கொண்டுவருகிறவர். வாசற்படி ஏறியவர் டீச்சரின் கையைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார். மூன்று வகுப்பும் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டது.

“இது என்ன கோலம் பிள்ளை? சபைக்கு நான் என்ன சொல்ல?” குரலில் கோபத்தைவிடக் கவலைதான் இருந்தது. “இப்பவே கழற்றிப் போடும். நான் காணேல்லை எண்டு வைச்சுக்கொள்ளுறன்.”

“குளிர்த்தி முடியட்டும் ஐயா.”

“நீர் இதை நம்புறீரோ?”

“இல்லை ஐயா.”

“நம்பாத ஒண்டைக் கையில வைச்சுக்கொண்டு வேலையை விடப்போறீரோ? உம்மட சம்பளத்தை நம்பித்தானே வீட்டில இருக்கினம்?”

டீச்சர் அரைச்சுவருக்கு மேலால் வெளியே பார்த்தார். நானும் பார்த்தேன். வேலியோரம் அம்மா நின்றார், துணி சுற்றிய கையால் கம்பைப் பிடித்தபடி. ஐயோ, போதகருக்கு முன்னால் என்னைக் கூப்பிட்டு மானத்தை வாங்கப்போகிறார் என்று நான் முன்னால் இருந்தவளின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

அன்று மத்தியானமே டீச்சரின் வேலை போய்விட்டது. வேலை போனவர் அன்றைக்கே ஊருக்குப் போயிருக்கலாம். போகவில்லை. பெரியம்மா வீட்டிலேயே இருந்து, மீன் தொடாமல், ஆறு தாண்டாமல் நாட்களைக் கழித்தார். கூலி இல்லாமல் எதற்கு இங்கே இருக்கிறார் என்று நாங்கள் எங்களுக்குள் பேசிக்கொண்டோம். ஒருநாள் காலை தோணி வந்தது; அப்பாவின் தோளில் தம்பி எலும்பும் தோலுமாக, கண் விழித்தபடி இருந்தான். அதற்குப் பிறகும் டீச்சர் நூலைக் கழற்றவில்லை. ஊரில் குளிர்த்தி பாடி முடித்த பிறகுதான் ஆற்றங்கரையில் இருந்து ஒவ்வொன்றாக அவிழ்த்துத் தண்ணீரில் விட்டார்.

மறுநாள் அவர் புறப்பட்டபோது துறைக்கு நாங்களும் போனோம். தோணியில் கால் வைக்கப் போன டீச்சரின் வெறுங்கையை அம்மா சட்டென்று இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பிடித்ததை விடாமல், அதைத் தன் முகத்தோடு அழுத்திக்கொண்டு, குரலெடுத்து அழுதார். தம்பியைத் தூக்கிக்கொண்டு ஓடிய அன்றைக்குக்கூட அம்மா அப்படி அழுததில்லை. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தம்பிதான் பிழைத்து வந்துவிட்டானே; பள்ளிக்கூடத்துக்கு வேறு டீச்சர் வருவாரே; இதில் ஒப்பாரி வைக்க என்ன இருக்கிறது? தோணிக்காரர் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு வெட்கமாகிவிட்டது.

“வாங்களன் அம்மா, ஆக்கள் பாக்காங்க” என்று நான் அவருடைய சேலையைப் பிடித்து இழுத்தேன்.