தேசம்மா கடை எண்ணெய்

சென்ற ஞாயிற்றுக்கிழமை என்னை மீன் சாப்பிட அழைத்துப் போனார்கள். திருவொற்றியூர் கடற்கரைச் சாலையில் புதிதாக வந்திருக்கும் உணவகம். சுவரில் நைலான் வலை, வலைக்குள் பிளாஸ்டிக் நண்டு. பெரியவர் என்ற மரியாதையில் முதலில் என்னை உள்ளே தள்ளினார்கள். அதனால் எனக்கு வலது பக்கம் சுவர், இடது பக்கம் மகன், அவனுக்கு அடுத்து மருமகள். நான் கழிவறைக்குப் போக வேண்டுமென்றால் ஒரு குடும்பமே எழுந்து நிற்க வேண்டும். என் வயதுக்கு இது சின்ன விஷயமில்லை. உங்களுக்கும் ஒரு நாள் தெரியும்.

வறுத்த மீன் வந்தது. மருமகள் ஒரு வாய் எடுத்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"எண்ணெய் சரியில்லபோல. மாமா, உங்களுக்கு எப்படி இருக்கு? நீங்கதான் கெமிஸ்ட்டாச்சே."

பரிமாறியவர் உள்ளே போய்ச் சமையல்காரப் பெண்ணையே கூட்டிவந்துவிட்டார். ஈரக் கையை இடுப்பில் துடைத்துக்கொண்டே அந்தப் பெண், "காலைலதாங்க எண்ணெய் மாத்துனேன்" என்றாள். சொல்லிவிட்டு, மேசையில் நரைத்த தலை என்னுடையது ஒன்றுதான் என்பதாலோ என்னவோ, என்னைப் பார்த்தாள். எழுந்து ஓடலாம் என்று தோன்றியது. வழியில்லை. தண்ணீர் டம்ளரை எடுத்து மெதுவாகக் குடித்தேன். மகன் வேறு தட்டு கொண்டுவரச் சொன்னான். பேச்சு அத்துடன் முடிந்தது. வீட்டுக்கு வந்து மூன்று நாளாகியும் எனக்கு அது முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

எனக்குக் கண்ணும் காதும் போய்க்கொண்டிருக்கின்றன. மூக்கு மட்டும் இளமையாக இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் கொருக்குப்பேட்டையில் அறை எடுத்திருந்தேன். காலை ரயிலில் கண்ணை மூடிக்கொண்டே வந்து சரியான நிலையத்தில் இறங்குவேன். ஏறும்போது சரக்கு முற்றத்துக் கரியும் தானியத் தூசியும். திருவொற்றியூரில் சூடான ரப்பர். எண்ணூர் நெருங்கும்போது உப்பும் சேறும் கலந்து ஒரு குளிர்ந்த வாசனை. அது முகத்துவாரத்தின் வாசனை, ஆறு கடலில் கலக்கும் இடம். நண்பர்களிடம் இந்த வித்தையைக் காட்டிப் பெருமையடித்துக்கொள்வேன். ஒரு நாள் நிஜமாகவே தூங்கி அத்திப்பட்டு வரைக்கும் போனது தனிக் கதை.

எண்ணூரில் ஒரு தொழிற்சாலை. பெயர் வேண்டாம். நான் அதன் ஆய்வுக்கூடத்தில் இளநிலை வேதியியலாளன். பன்னிரண்டரைக்குச் சங்கு ஊதியதும் வேலி ஓரமாக நடந்தால் ஐந்து நிமிடத்தில் தேசம்மா கடை. கடை என்றால் ஓலைக் கூரை, எதிரெதிராக இரண்டு பெஞ்சு, மணலில் ஊன்றிய அடுப்பு, அதன்மேல் மாவு பிசையும் தாம்பாளம் அளவுக்கு ஓர் இரும்புச் சட்டி. தேசம்மாவின் கணவர் கஜா முகத்துவாரத்தில் வலை போட்டுக் கொண்டுவரும் மடவை மீன்தான் அங்கே விசேஷம். நான் அதுவரை மீனை முள்ளுக்குப் பயந்து சாப்பிட்டவன். அந்தப் பெஞ்சில்தான் நாக்கால் முள் பிரிக்கப் படித்தேன். கற்றுக்கொடுத்தவர் எங்கள் கிரேன் ஓட்டுநர் ஆண்டனி, ராயபுரத்துக்காரர். என் தொண்டையில் முள் சிக்கினால் முதுகில் ஓங்கி ஒன்று வைத்துவிட்டு, "பி.எஸ்சி.ல இத்த சொல்லித் தரலியா மாமு?" என்பார்.

தேசம்மாவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. வறுப்பதற்கு முன்பு மீனைத் தட்டோடு கொண்டுவந்து காட்டுவாள். பெஞ்சில் யாராவது ஒருவர் செவுளைத் தூக்கிப் பார்த்து, முகர்ந்து, தலையாட்ட வேண்டும். ஆட்டினால்தான் சட்டியில் விழும். நான் சேர்ந்த சில மாதங்களில் அந்தத் தலையாட்டும் உத்தியோகம் எனக்கு வந்துவிட்டது.

"சார் மருந்தெல்லாம் மோந்து பாக்கறவரு. சார் பாத்தா போதும்" என்று தட்டை நேரே என் மூக்குக்கு நீட்டுவாள். எனக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம். செவுளைத் தூக்கும்போது கண்ணாடியைச் சரிசெய்துகொள்வேன். எதற்கு என்று இன்றுவரை தெரியவில்லை.

என் உண்மையான வேலை இது: தொழிற்சாலையிலிருந்து வெளியேறும் கழிவுநீர் ஒரு கால்வாய் வழியாக முகத்துவாரத்தில் விழும். அது விழும் இடத்தில் நாள்தோறும் ஒரு பாட்டில் மாதிரி எடுத்துச் சோதித்துத் தாளில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். முதலில் என் சௌகரியத்துக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் மேலதிகாரி கூப்பிட்டு, குரலை உயர்த்தாமல், "கடல் தண்ணி உள்ள ஏறுற நேரமாப் பாத்து எடுங்க தம்பி" என்றார். கடல் நீர் ஏறி நிற்கும்போது கழிவெல்லாம் கரைந்து நீர்த்துப்போயிருக்கும். தாளில் எழுதும் எண்ணில் ஒன்றுகூடப் பொய்யாக இருக்காது. நீர் வடியும்போது எடுத்தால் வேறு எண் வரும். நான் பொய் எழுதவேயில்லை என்று பல வருடம் என்னிடமே சொல்லிக்கொண்டதற்கு இதுதான் ஆதாரம்.

கடல் நீர் எப்போது ஏறும் என்பது தினமும் மாறும். அதை நான் யாரிடம் கேட்டேன் தெரியுமா? கஜாவிடம்.

"கஜா, நாளைக்குத் தண்ணி எப்ப ஏறும்?"

"ரெண்டு மணிக்கு மேல ஏறும் சார். இன்னாத்துக்குத் தெனமும் கேக்குற? தூண்டில் போடப் போறியா?"

"சும்மா, தெரிஞ்சுக்கலாம்னு."

"படிச்சவங்களுக்கு அல்லாமே தெரிஞ்சிக்கணும்" என்று தேசம்மாவிடம் என்னைப் பாராட்டிச் சொல்வார். அவர் சொன்ன நேரத்துக்கு நான் பாட்டிலோடு போவேன். ஒரு நாளும் அவர் சொன்ன நேரம் தப்பியதில்லை.

மழை பொய்த்த ஒரு கோடையில்தான் மீன் மாறியது. பச்சை மீனில் அதிகம் தெரியவில்லை. சட்டியில் சூடேறியதும் உள்ளிருந்து மண்ணெண்ணெய் மாதிரி ஒரு வாடை கிளம்பும். எனக்கு அது என்ன என்று தெரியும். காலையெல்லாம் ஆய்வுக்கூடத்தில் நான் முகரும் அதே வாடை. செவுளைத் தூக்கினால் இலேசாக அங்கேயும் இருந்தது. ஆனாலும் தலையாட்டினேன். ஆட்டாவிட்டால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால் என் கையெழுத்தில் போய் முடியும். எனக்கு வேலை அப்போது இன்னும் நிரந்தரமாகவில்லை. இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை. பயந்தேன் என்று எழுதுவதற்குப் பதிலாக எழுதுகிறேன்.

ஒரு நாள் பெஞ்சு இரண்டும் நிறைந்திருக்கும்போது ஆண்டனி வாயில் போட்டதைத் துப்பினார்.

"இன்னாக்கா, இன்னிக்கி ஸ்டவ்வுக்கு ஊத்தறத சட்டில ஊத்திட்டியா?"

எல்லோரும் சிரித்தார்கள். தேசம்மாவும் சிரித்தாள். "தே, உன் நாக்குலதான் கிரீஸு நாறுது நைனா" என்றாள். ஆனால் இன்னும் இரண்டு பேர் தட்டைத் தள்ளி வைத்ததும் சிரிப்பு நின்றது. உள்ளே போய் எண்ணெய் டின்னை எடுத்துவந்து நடுவில் வைத்தாள்.

"முந்தாநேத்து ஒடச்ச டின்னு. நல்ல கடலை எண்ணெய். எவன் வேணா மோந்து பாரு. எங்கிட்ட கலீஜ் வேலை கெடையாது." பிறகு என் பக்கம் திரும்பினாள். "சார், நீ பாரு. நீ சொன்னா கேப்பாங்க."

டின்னை முகர்ந்தேன். நல்ல எண்ணெய். அவ்வளவு சுத்தமான கடலை எண்ணெயை இன்று தேடினாலும் கிடைக்காது. நிமிர்ந்து பார்த்தேன். எதிர் பெஞ்சில் எட்டுப் பேர், என் பெஞ்சில் ஏழெட்டுப் பேர், பின்னால் கரையில் வலையை உதறிக்கொண்டே கஜா. எல்லோரும் காத்திருந்தார்கள். அந்தக் கூரைக்கு நாலு பக்கமும் திறப்பு, எந்தப் பக்கமும் எழுந்து நடந்திருக்கலாம்.

"எண்ணெய் கொஞ்சம் பழசாயிருக்கும்போல" என்றேன். "மாத்திப் பாருங்க."

தேசம்மா சட்டியை இரண்டு கையாலும் தூக்கி, கொதித்த எண்ணெய் முழுவதையும் மணலில் ஊற்றினாள். புகைந்தது.

மறுநாள் புது டின். அதே வாடை. அதற்கு அடுத்த நாள் புதுச் சட்டி. மஞ்சளில் கழுவினாள், புளியில் ஊறவைத்தாள், மிளகாயை இரண்டு மடங்கு அரைத்தாள். வாடை எல்லாவற்றையும் தாண்டி வந்தது. அதற்குள் பேச்சு பரவிவிட்டது. தொழிற்சாலை வாசலில், பேருந்து நிறுத்தத்தில் எல்லாம், "லேப்பு சாரே சொல்லிட்டாரு, அவ எண்ணெய் கலப்படம்" என்றார்கள். நான் கலப்படம் என்று சொல்லவில்லை. பழசு என்றுதான் சொன்னேன். இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு மாதம் தூங்கினேன்.

கடைக்குப் போகாவிட்டால் சார்கூட நிறுத்திவிட்டார் என்பார்கள். போனால் சாப்பிட வேண்டும். போனேன். கடைசித் துண்டு வரை சாப்பிட்டேன். ஏப்பத்தில்கூட அந்த வாடைதான். இதுவே எனக்குத் தண்டனை என்று மனதுக்குள் ஒரு கம்பீரம் வேறு. தண்டனையெல்லாம் இல்லை, மதியச் சாப்பாடு.

பிறகு தேசம்மா கணவர் பிடித்த மீனை விட்டுவிட்டுக் காசிமேட்டிலிருந்து கடல் மீனான சங்கரா வாங்கிவந்து வறுத்தாள். வாடையே இல்லை. ஆனால் சாப்பிட நாங்கள் மூன்று பேர்தான் இருந்தோம். கஜா அந்தப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார். பொங்கலுக்கு ஊருக்குப் போய்த் திரும்பியபோது கடையில் கூரையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் வேலிக்கு இந்தப் பக்கமே நின்று திரும்பிவிட்டேன். அந்த ஆண்டு வேலை நிரந்தரமானது.

அதே தொழிற்சாலையில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் காசிமேட்டில் இறால் உரிக்கும் பெண்கள் வரிசையில் தேசம்மாவைப் பார்த்தேன். எடுத்த எடுப்பில் அடையாளம் கண்டுகொண்டாள்.

"இன்னா சார், முடியெல்லாம் கொட்டிப் போச்சு? குந்து."

மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டாள். உட்கார்ந்தேன். கஜா போய் நாலு வருடம் என்றாள். வருடக்கணக்காக மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததைச் சொன்னேன். கால்வாய், பாட்டில், கஜா சொன்ன நேரம், டின்னில் இருந்தது நல்ல எண்ணெய், எல்லாம். அவள் கை நிற்கவில்லை. இறால் உரிந்து உரிந்து விழுந்துகொண்டிருந்தது.

"எண்ணெய்னால இல்லன்னு எனக்குத் தெரியாதா சார்? அதே எண்ணெய்லதான சங்கரா வறுத்தேன்? நாறுச்சா?"

"அப்ப ஏன் நீ யார்கிட்டயும் சொல்லல?"

"இன்னான்னு சொல்றது? ஆத்து மீனு நாறுதுன்னு நான் சொன்னா, குப்பத்துல எவன் மீனு விக்கும்? அம்பது வூடு கீது அங்க. எண்ணெய்னே இருக்கட்டும்னு வுட்டுட்டேன். அந்த மன்சன் வேற, என் மீன வேணாம்னுட்டியேன்னு சாவற வரிக்கும் கேட்டுகினு இருந்தாரு." தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். "நீ சொல்லியிருந்தா வேற சார். நான் சொன்னா மீன கேப்பாங்க. நீ சொன்னா கம்பெனிய கேட்டிருப்பாங்க."

மன்னித்துவிடு என்றேன். எரிச்சல்கூடப் படாமல் சொன்னாள்: "எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போது? எனக்குத்தான் தெரியுமே. துன்னாங்களே, அவுங்ககிட்ட போய் சொல்லு. தேசம்மா கலப்படம் பண்ணலன்னு சொல்லு."

சரி என்று எழுந்துவந்தேன்.

சொல்ல ஒரு நாளும் வாய்த்தது. ஆண்டனி இறந்தபோது ராயபுரம் மாதா கோயிலில் பூசை முடிந்து, வெளியே மர நிழலில் காபி கொடுத்தார்கள். பழைய ஆட்கள் ஐந்து பேர் ஒன்றாக நின்றோம். மாத்தூரிலிருந்து ஒருவர், மணலி புதுநகரிலிருந்து இரண்டு பேர், கைத்தடியோடு ஒருவர். ஆண்டனியின் கிண்டல்கள் ஒவ்வொன்றாக வந்தன. கைத்தடிக்காரர் ஆரம்பித்தார்.

"மண்ணெண்ணெய்ல மீன் வறுத்தாளே ஒருத்தி, அவகிட்ட ஆண்டனி கேட்டது ஞாபகம் கீதா? இவருதான் மோந்து பாத்தே கண்டுபுடிச்சாரு. இன்னா மூக்கு சார் உனுக்கு."

நாலு பேரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். சாவு வீட்டில் சர்ச்சை எதற்கு என்று ஒரு காரணம் அந்த நொடியிலேயே தயாராக வந்து நின்றது. நானும் சிரித்தேன்.

இப்போது அந்தக் கடை இருந்த இடத்தில் கடல் அரிக்காமல் இருக்கப் பாறை கொட்டியிருக்கிறார்கள். முகத்துவாரத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து, நடந்தே கடக்கும் அளவுக்கு மேடு தட்டிவிட்டது. மடவை எப்போதாவது சிக்கினால் குப்பத்து மீனவர்களின் பேரன்மார் படம் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்புகிறார்கள். தேசம்மா போன ஐப்பசியில் போய்விட்டாள் என்று காசிமேட்டில் சொன்னார்கள். மர நிழலில் என்னோடு நின்ற நாலு பேருக்கும் இந்த மூன்று நாளாகத் தொலைபேசியில் முயன்றேன். இரண்டு எண்கள் உபயோகத்தில் இல்லை. ஒன்றை மகள் எடுத்து, அப்பா போய் ஒரு வருடம் ஆகிறது என்றாள். கைத்தடிக்காரர் கிடைத்தார். இரண்டு முறை விளக்கிச் சொன்னேன். அவருக்கு நான் யார் என்று தெரியவில்லை. தேசம்மா யார் என்றும் தெரியவில்லை. மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, "அப்படிங்களா சார்" என்றார்.

அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் அங்கே சாப்பிட்டதில்லை, அவளைப் பார்த்ததில்லை, அவளைத் தப்பாக நினைத்ததும் இல்லை. ஆனாலும் கேட்க வேறு ஆள் இல்லை. தேசம்மாவின் எண்ணெய் நல்ல எண்ணெய்.