நிலைக்குக் கீழே ஒரு கல்

எங்கள் வளவுக்குள் லொறி மணல் கொட்டிவிட்டுப் போனால் நான் தையலை அப்படியே போட்டுவிட்டு அரிதட்டை எடுத்துக்கொண்டு ஓடுவேன். மன்னம்பிட்டிப் பக்கமிருந்து வருகிற ஆற்று மணல். அரித்தால் மணல் கீழே இறங்கிவிடும். தட்டில் தங்குகிற சரளைக்குள் இரத்தினக்கல் தேடுவதில்தான் என் உயிர். வீடு கட்டுகிற மேசனுக்கு அரித்த மணல் சும்மா கிடைக்கிறது, அதனால் அவர் என்னைப் பைத்தியம் என்று வாய்விட்டுச் சொல்வதில்லை. ஊருக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது.

நான் தையல்காரி. ஊசித் துளையில் நின்று பழகிய கண்ணுக்குச் சின்னச் சாமான் தப்பாது. கல்லைப் பற்றிய மிச்சத்தைப் போனில் வீடியோ பார்த்துப் படித்தேன். உடைந்த மெஷின் ஊசியைப் பேனைக் குழாய்க்குள் செருகிக் கல்லின் இடுக்கு அழுக்கைக் கிண்டுவேன். பிறகு பழைய பல் துலக்கும் பிரஷ், சவர்க்காரத் தண்ணீர். துருக்கறை இருந்தால் தேசிக்காய் என்கிற எலுமிச்சைப் புளியில் ஊறப் போடுவேன்.

அந்தத் தேசிக்காய்தான் என் மானத்தையும் வாங்கியது. தொடக்கத்தில் ஒரு நாள் வாவிக் கரையில் வெள்ளையாக, உள்ளே ஒரு மினுக்கத்தோடு ஒன்றைக் கண்டெடுத்தேன். சந்திரகாந்தக்கல் என்று வீட்டில் பறையடித்துவிட்டுப் புளியில் போட்டேன். நுரை நுரையாகப் பொங்கி, கடைசியில் மாப்போல ஏதோ மிஞ்சியது. பழைய மட்டி ஓடு! அந்த ஓட்டைச் சுட்ட சுண்ணாம்பைத் தடவித்தான் நாளும் பொழுதும் வெற்றிலை போடுகிறேன். எனக்கே அடையாளம் தெரியவில்லை. என் வீட்டுக்காரர் வெற்றிலை வட்டாவைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

“எடு புள்ள, வெத்திலைக்கு நல்லா ஆகும்.”

வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் அவர் இந்தக் கதையைச் சொன்னார். நான் குழம்பில் உப்பைக் கூட்டிப் போட்டு என் கோபத்தைத் தீர்த்துக்கொண்டேன்.

பிறகு மகளுக்கு வீடு கட்டத் தொடங்கினோம். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். மாப்பிள்ளைதான் அங்கே வந்து சேருவார். அத்திவாரம் எழும்பி, வாசல் நிலை வைக்க நாளும் பார்த்தாயிற்று. நிலைக்குக் கீழே பொன்னும் நவமணியும் வைப்பது வழக்கம். ஒன்பது துணுக்குக் கற்களைச் சின்னப் பொட்டலமாகக் கட்டிக் கடையில் விற்கிறார்கள். என் வீட்டுக்காரர் ஒன்று வாங்கி வந்தார்.

அந்த வீட்டுக்கென்று வந்த மணலிலேயே எனக்கு ஒரு சிவப்புக் கல் அகப்பட்டிருந்தது. புளியங்கொட்டை அளவு, மேலெல்லாம் துரு. பானை சட்டியும் நகையும் எந்தத் தாயும் கொடுப்பாள். நான் என் கையால் அரித்தெடுத்த கல் என் பிள்ளையின் வாசலுக்குக் கீழே கிடக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆசை என்றால் அப்படியொரு ஆசை. மகள் மறுத்துவிட்டாள்.

“பொய்க் கல்ல கீழ வைச்சிட்டு ஆயுசுக்கும் அதுக்கு மேலால நான் நடக்கவா, அம்மா? மெய் எண்டு காட்டுங்க, வைப்பம்.”

மட்டி ஓடு செய்த வேலை. எனக்குச் சுறுக்கென்று கோபம் வந்தது. ஆனால் அவள் கேட்டதில் பிழை இல்லை.

என் சிவப்புக் கல் கார்னெட் என்பது என் ஊகம்; அந்த வகைக் கல்லைப் பலமான காந்தம் மெல்ல இழுக்கும், கண்ணாடியை இழுக்காது. ஆனால் துரு இருந்தால் காந்தம் துருவையும் இழுக்கும் என்பதால், கல்லைத் தேசிக்காயில் ஊறப் போட்டு, ஊசியால் கிண்டி, ஒரு பொட்டுக் கறை இல்லாமல் துடைத்தெடுத்தேன். நிலை வைப்பதற்கு முதல் நாள் பின்னேரம் மகளைக் கூப்பிட்டு உட்கார்த்தினேன். பழைய ரப்பர் செருப்பில் ஒரு துண்டு வெட்டி, பேசினில் தண்ணீர் நிரப்பி, அதில் மிதக்கவிட்டேன். முதலில் சிவப்பு வளையல் துண்டொன்றை அதன்மேல் வைத்து, பழைய கணினியொன்றுக்குள்ளிருந்து கழற்றிய காந்தத்தைக் கிட்டக் கொண்டுபோனேன். அசையவில்லை. பிறகு என் கல்லை வைத்தேன். செருப்புத் துண்டு சும்மா நின்றது, பிறகு மெள்ள மெள்ளக் காந்தத்தைப் பார்த்து வந்தது.

மகள் கல்லை எடுத்து நனைத்து வெயிலில் பிடித்தாள். நாவற்பழச் சாற்றின் நிறம் அவள் விரலில் விழுந்தது. வெயில் தாழும்வரை அவள் முற்றத்தை விட்டு உள்ளே வரவில்லை.

மறுநாள் காலையில் நிலை செய்த ஓடாவியார் அதோடு ஆயத்தமாக நின்றார். குழிக்குள் பொன்னும் பொட்டலமும் போட்டாயிற்று. மகள் பட்டுச் சேலையோடு வந்தாள். பொத்திய கையைத் திறக்கவில்லை.

“இத மண்ணுக்குள்ள போட விடமாட்டன், அம்மா. நான் இன்னும் பாத்து முடியல்ல.”

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாய் வந்தன. கீழே வைக்கத்தானே அத்தனை பாடுபட்டேன்! அப்படியென்றால் அங்கே எதை வைப்பது என்று கேட்டேன். அவள் மணல் கும்பியைத் திரும்பிப் பார்த்தாள். கல்லை முந்தானையில் முடிந்தாள், சேலையைத் தூக்கிச் செருகினாள், அரிதட்டை எடுத்தாள். நல்ல நேரம் முடியப் போகிறது என்று ஓடாவியார் சத்தம் போட்டார். என்னைக் கேலி பண்ணிய என் மனுஷனோ வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தட்டில் மணலை அள்ளிப் போட்டார். இவ்வளவு சந்தோஷத்தை நான் அதற்கு முன் அனுபவித்ததில்லை.

தட்டில் நின்றதை விரலால் பரப்பி அவள் ஒன்றைப் பொறுக்கினாள். வாளித் தண்ணீரில் கழுவினாள், வெயிலுக்குப் பிடித்தாள், சோடாப் போத்தலில் கீறிப் பார்த்தாள். போத்தலில் கோடு விழுந்தது; மெய்க் கல்தான், கண்ணாடி இல்லை. இதையெல்லாம் நான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததே இல்லை. மங்கலான வெறும் படிகக்கல். அந்தக் கும்பிக்குள் அதுபோல எத்தனையோ கிடக்கும், நான் தினமும் வீசுகிற சாதி. நுனிநாக்குவரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

ஓடாவியார் அதை வாங்கிக் குழிக்குள் வைக்கப் போனவர், என்ன கல் என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் வாய் திறக்குமுன் மகள் முந்திக்கொண்டாள்.

“நான் எடுத்த கல்லு.”

அவர் அதற்குமேல் ஒன்றும் கேட்காமல் நிலையைத் தூக்கி அதன்மேல் இறக்கினார்.