பேருந்து திரும்பும் இடத்தில் ஓர் அறை

முதுகலைப் படிப்பை முடித்த கையோடு எனக்குக் கிடைத்த முதல் வேலை, மலைக்கிராமங்களில் விருந்தினர் விடுதி கட்ட முதலீடு செய்யும் ஒரு சிறிய நிறுவனத்துக்காகக் கள ஆய்வு செய்வது. விடுதி என்றால் பெரிய கட்டடம் அல்ல. இரண்டு அறைகள், குளியலறை, முன்னால் ஒரு தாழ்வாரம், பக்கத்தில் காவலாளிக்கு ஒரு சிறிய அறை. ஊர்ப் பெண்களின் குழு அதை நடத்தும். வருமானத்தில் பெரும்பகுதி அவர்களுக்கு, எஞ்சியது மெல்ல மெல்ல முதலீட்டுக்குத் திரும்பும். கல்வராயன் மலையில், வெள்ளிமலையைத் தாண்டிப் போகும் ஒரு தடத்தின் கடைசி ஊர் எனக்கு ஒதுக்கப்பட்டது. தியாகதுருகத்தில் வளர்ந்தவள் என்பதால் எனக்கு மலையைத் தெரியும் என்று அலுவலகத்தில் நினைத்தார்கள். உண்மையில், மழை பெய்து ஓய்ந்த நாட்களில் மேற்கே நீலமாகத் தெளியும் ஒரு கோடாக மட்டுமே அதை நான் அறிந்திருந்தேன்.

கட்டுவதற்கு ஊர்ப் பொதுவில் இரண்டு இடங்கள் இருந்தன. ஒன்று மேட்டு விளிம்பு. அங்கே நின்றால் சாமைக் கொல்லைகள் படிப்படியாக இறங்குவதும், வெகு தொலைவில் கோமுகி அணையின் நீர் தகடுபோல் மின்னுவதும் தெரியும். மற்றொன்று பேருந்து திரும்பும் இடம். ஒரு புளியமரம், டீசல் சிந்திக் கறுத்த மண், எதிரே குடிநீர்த் தொட்டியின் பின்புறச் சுவர். எங்கே கட்டலாம் என்று குழுவைக் கேட்டது, கேட்க வேண்டும் என்ற விதிக்காகத்தான். விடையில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. குழுவிலிருந்த பதினொரு பெண்களும் புளியமரத்தைக் காட்டினார்கள்.

காரணம் தெரிந்துகொள்ளாமல் என்னால் மேலே நகர முடியவில்லை. நிலத் தகராறா, மேட்டின் மேல் யாருக்காவது தனி உரிமை உண்டா, பெண்கள் போகக் கூடாத இடமா என்று படிப்பு கற்றுத் தந்த எல்லாச் சந்தேகங்களையும் வரிசையாகப் பட்டேன். ஊர்க்காரர்களிடமும் ஊராட்சி அலுவலகத்திலும் விசாரித்ததில் எதுவுமே நிற்கவில்லை. பிறகு வீடு வீடாகப் போய்த் தனித்தனியே கேட்டேன். ஒருவர் தண்ணீர்க் குழாய் மேடு ஏறாது என்றார். இன்னொருவர் குரங்குத் தொல்லை என்றார். கடுக்காய் காயவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண், கையை எடுக்காமலே, “மேல காத்து ஜாஸ்தி மேடம். கூரைய புடுங்கிக்கினு போய் அணையிலயே போட்டுடும்” என்றார்.

குழுத் தலைவிக்கு நாற்பது வயதிருக்கும். மரவள்ளிக் கிழங்கு பிடுங்கிவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தவரிடம், வருகிறவர்கள் காட்சியைப் பார்க்கத்தானே இவ்வளவு தூரம் வருவார்கள் என்று வாதாடினேன்.

“பாக்கட்டும். யாரு வேணான்னா? படுக்கறது கீழ, பாக்கறது மேல. கால் இருக்குதில்ல அவங்களுக்கு?”

கூட இருந்த பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் வெவ்வேறு காரணம் சொல்லும் பதினொரு பேர் ஒரே இடத்தை எப்படிக் காட்டினார்கள் என்ற கேள்வி பேருந்தில் கள்ளக்குறிச்சி வரைக்கும் என்னோடு இறங்கி வந்தது. அன்று என் படிவத்தில் இரண்டு கட்டங்களை நிரப்பினேன். ‘இடத் தேர்வு’ என்பதில் ஒரு கேள்விக்குறி. ‘விருந்தினரை உபசரித்த முன் அனுபவம்’ என்பதில் ‘இல்லை’.

வழக்கமாக நான் பிற்பகல் மூன்று மணிப் பேருந்தில் மலையிறங்கிவிடுவேன். அடுத்த வாரம் ஒரு நாள் கணக்கெடுப்பு முடியாமல் தலைவியின் வீட்டிலேயே தங்கினேன். ஏழு மணியளவில் கடைசிப் பேருந்து ஏறி வந்தது. அந்தத் தடத்தில் அது இரவு ஊரிலேயே நின்று, விடியற்காலை ஐந்து மணிக்குக் கீழே கிளம்பும். ஹால்ட் பஸ் என்பார்கள். பகலில் மட்டும் வந்து போன எனக்கு அது வந்து நிற்பதைப் பார்க்க வாய்த்ததில்லை.

பயணிகள் இறங்கிக் கலைந்தபின் ஒரு பெண் நான்கு அடுக்கு டிபன் கேரியரோடு புளியமரத்தடிக்குப் போனார். ஓட்டுநருக்குச் சாமைக் களியும் கீரையும், நடத்துனருக்குச் சோறும் குழம்பும். ஓட்டுநருக்குச் சர்க்கரை நோய், நடத்துனருக்குச் சனிக்கிழமை கவுச்சி ஆகாது என்பதெல்லாம் அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. காலையில் நடத்துனர் அந்தக் கேரியரைக் கழுவி அடுத்த வீட்டு வாசலில் வைத்துவிடுவாராம். யார் வீட்டில் கேரியர் இருக்கிறதோ அன்று அவர்கள் முறை. முறை மாறிப்போய்ச் சண்டை வந்ததுண்டா என்று கேட்டேன். கேரியர் ஒன்றுதானே இருக்கிறது, அது எப்படி இரண்டு வீட்டில் இருக்கும் என்று அந்தப் பெண் என்னைத் திருப்பிக் கேட்டார். பல ஆண்டுகளாக நடக்கிறது என்றார், எத்தனை என்று யாரும் எண்ணவில்லை.

சாப்பிட்டு முடித்து இருவரும் பேருந்துக்குள்ளேயே ஏறினார்கள். மூன்று பேர் அமரும் இருக்கையில் ஓட்டுநர் காலை மடக்கிப் படுப்பது சன்னல் வழியே தெரிந்தது. புளியமரத்துக்கு அந்தப் பக்கம், முன்பு ரேஷன் பொருள் வைத்திருந்த ஓட்டுக் கட்டடம் ஒன்று இருந்தது. அதில்தான் அவர்கள் தங்குவது வழக்கம். போன மழையில் அதன் கூரை உட்கார்ந்துவிட்டது.

அடுப்படியில் தலைவியின் மகள் மறுநாளைக்கான சீருடையை மடித்துக்கொண்டிருந்தாள். கள்ளக்குறிச்சியில் செவிலியர் படிப்பு, இரண்டாம் ஆண்டு. ஐந்து மணிப் பேருந்தை விட்டால் அடுத்தது ஒன்பதுக்கு மேல்தான். நான் கேள்வியைச் சுற்றி வளைக்காமல் கேட்டேன்: அறை ஓட்டுநருக்கும் நடத்துனருக்கும்தானே?

தலைவி அடுப்பிலிருந்த விறகை வெளியே இழுத்தார். பிறகு சொன்னார். அடுத்த மழைக்குள் படுக்க இடம் இல்லையென்றால் ஹால்ட்டை எடுத்துவிடும்படி டெப்போவில் எழுதிக் கொடுக்கப்போவதாக ஓட்டுநரே சொல்லிவிட்டார். வண்டி ராத்திரியே வெள்ளிமலைக்குத் திரும்பிவிட்டால் காலையில் மகள் போக வழியில்லை. கீழே தங்கிப் படிக்க வைக்கவும் முடியாது, கல்லூரி விடுதிக்கு மனுப் போட்டு இடம் கிடைக்கவில்லை. இரண்டு அறையில் ஒன்றை அவர்களுக்கு விட்டுவிடலாம் என்று பதினொருவரும் பேசி முடிவெடுத்திருந்தார்கள். பேருந்தை விட்டு விலகி ஓட்டுநர் படுக்க மாட்டார், அதனால்தான் புளியமரம். என்னிடம் சொன்னால் நான் அதை அறிக்கையில் எழுதிவிடுவேன் என்றுதான் இதுவரை சொல்லவில்லையாம்.

“எழுதத்தான் வேணும்க்கா” என்றேன்.

“எழுதுங்க. ஒங்களுக்கு இன்னா, இந்த ஊரு இல்லன்னா இன்னோர் ஊரு. எனக்கு இருக்கறது ஒரு பஸ்ஸு.”

எழுதாமல் விட்டால், கட்டி முடித்தபின் ஒருநாள் யாராவது வந்து பார்ப்பார்கள். ஏமாற்றியது அந்தப் பெண்கள் என்றுதான் பேர் வரும், நான் அதற்குள் வேறு வேலையில் இருப்பேன். எழுதினால் திட்டமே கைவிடப்படலாம். அப்போது அறையும் இல்லை, பேருந்தும் இல்லை. இரண்டு பக்கமும் விளைவை அனுபவிக்கப்போவது சீருடை மடிக்கும் பெண், நான் அல்ல. அன்று பாயில் படுத்தபடி இதையே புரட்டிக்கொண்டிருந்தேன். விடியற்காலை எஞ்சின் உறுமலில் எழுந்து வாசலுக்கு வந்தபோது, ஈரத் தலையோடு அவள் பேருந்தை நோக்கி ஓடிக்கொண்டிருந்தாள். ஓட்டுநர் அவள் ஏறும் வரை வண்டியை எடுக்கவில்லை.

நான் எழுதினேன். ஆனால் படிவத்தை முதலிலிருந்து எழுதினேன். முன் அனுபவம் என்ற கட்டத்தில் ‘இல்லை’யை அடித்துவிட்டு, பல ஆண்டுகளாக நாள்தோறும் இரண்டு விருந்தினர் என்று எழுதி, கேரியர் முறையை விவரித்தேன். கட்டம் போதாமல் தனித்தாள் இணைத்தேன். கார் இல்லாதவர்களும் இந்த ஊருக்கு வர, நாளில் சில முறை ஏறி இறங்கும் அந்த ஒரு பேருந்துதான் வழி என்பதையும், ஹால்ட் நின்றால் அதுவும் குறையும் என்பதையும் சேர்த்தேன்.

அதைப் படித்துவிட்டு அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி நேரில் வந்தார். நிதானமான மனிதர். மேட்டுக்குப் போய் அணையைப் பார்த்தார், நீண்ட நேரம் பார்த்தார். இறங்கி வந்து புளியமரத்தடியில் நின்று, வருமானம் தராத ஓர் அறைக்கு எப்படி முதலீடு செய்வது என்று கேட்டார். நியாயமான கேள்வி. அறை கிடைக்காவிட்டால் உண்மையிலேயே ஹால்ட்டை எடுத்துவிடச் சொல்வாரா என்று ஓட்டுநரிடமே கேட்கிறேன் என்று மாலைப் பேருந்து வரும்வரை காத்திருந்தார். நடுவில் கேரியர் முறைக்காரப் பெண் அவருக்கும் கிழங்கு கொண்டுவந்து வைத்தார்.

ஓட்டுநர் இறங்கி, கேள்வியை முழுவதும் கேட்டுக்கொண்டார்.

“நான் வேணான்னு சொல்லல சார். முட்டி சொல்லுது. அம்பத்தாறு வயசாவுது. குறுக்க மடங்கிப் படுத்துட்டு காலைல கிளட்ச் மிதிச்சா, மூணாவது வளைவுல காலு என் பேச்ச கேக்க மாட்டேங்குது. பின்னாடி நாப்பது பேர் ஒக்காந்துகினு இருக்காங்க.”

அதிகாரி குறிப்பேட்டை மூடினார். பிறகு வரைபடத்தை விரித்து, விருந்தினர் அறை இரண்டில் எதையும் விட்டுத்தர முடியாது என்றார். தலைவி குனிந்து பார்த்து, ஓரத்தில் இருந்த சிறிய கட்டத்தில் விரலை வைத்து அது என்ன என்று கேட்டார். காவலாளி அறை என்றேன்.

“எங்க ஊர்ல இன்னாத்த காவல் காக்கறது? எதிர்லயே என் வூடு.” விரலை அவர் எடுக்கவில்லை. “இத கொஞ்சம் பெருசு பண்ணா ரெண்டு கட்டில் போடலாம். வேணும்னா அந்த ரெண்டாவது ரூம கம்மி பண்ணிக்குங்க.”

இவ்வளவு நாளும் அந்தக் கட்டத்தை நான்தான் ஒவ்வொரு கூட்டத்திலும் விரித்துக் காட்டியிருந்தேன். எனக்கு அது கண்ணில் படவேயில்லை.

ஒரு மாதம் கழித்து அனுமதி வந்தது, பாதியாக. ஒரு விருந்தினர் அறை, ஒரு பெரிய ‘பணியாளர் அறை’. இரண்டாவது விருந்தினர் அறை, முதலாவது நிறைகிறதா என்று பார்த்தபின். மேட்டில் கட்டியிருந்தால் இரண்டும் கிடைத்திருக்கும், வருகிறவர்களும் அதிகமாக இருந்திருப்பார்கள். இதைத் தலைவியிடம் மறைக்காமல் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு, கூரை மழைக்கு முன்னால் ஏறிவிடுமா என்று மட்டும் கேட்டார். ஏறியது.

முதலில் வந்த விருந்தினர்கள் புதுச்சேரியிலிருந்து ஒரு தம்பதி. சாமைச் சோறு அருமை, அருவிக்குப் போன வழி அருமை, ஆனால் விடியற்காலை நாலே முக்காலுக்குத் தலைமாட்டில் ஒரு பேருந்து உறுமுகிறது என்று புகார் எழுதினார்கள். அதன்பின் எங்கள் துண்டறிக்கையில் ஒரு வரி சேர்த்தேன்: காலை ஐந்து மணிக்கு இங்கிருந்து பேருந்து கிளம்பும், சத்தம் கேட்கும், விரும்புகிறவர்கள் எழுந்து வழியனுப்பலாம். அந்த வரியைப் படித்துவிட்டு வராமல் போனவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரிய வழியில்லை. இரண்டாவது அறைக்கு இன்னும் அனுமதி வரவில்லை. நிறுவனத்தின் கணிப்பில் இந்த ஊர் மெதுவான முதலீடுகளில் ஒன்று.

சென்ற மாதம் ஒரு நாள் அந்த ஐந்து மணிப் பேருந்தில் நானும் மலையிறங்கினேன். தலைவியின் மகளுக்கு இது கடைசி ஆண்டு. பக்கத்தில் உட்கார்ந்தவள் கச்சிராயபாளையம் வருவதற்குள் மடியில் விரித்த புத்தகத்தோடு தூங்கிப்போனாள். கல்லூரி நிறுத்தம் நெருங்கியபோது எழுப்பலாமா என்று நான் தயங்கினேன். அதற்குள் நடத்துனர் முன்னாலிருந்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, அவள் தலைக்கு மேலிருந்த கம்பியைச் சில்லறையால் மெல்லத் தட்டினார். தினமும் கேட்ட சத்தம்போலும், கண் திறக்குமுன்பே அவள் கை புத்தகத்தை மூடிவிட்டது.