சோலைச்சாமி போட்ட போன்

ஐப்பசியில் கண்மாய் நிறைந்ததும் நாங்கள் படகு விடுவோம். வளர்ந்த ஆம்பளைகள் விளையாட்டுச் சாமானோடு நிற்கிறார்கள் என்று கரையில் போகிறவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். இடுப்பு உயரத்துக்குப் பாய் கட்டிய படகு, மோட்டார் கிடையாது. ரிமோட்டில் பாயையும் சுக்கானையும் திருப்பலாம், தள்ள வேண்டியது காற்றுதான். தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனிகள் பூட்டிக் கிடக்கும் மாதம், எங்களுக்கும் வேறு சோலி இல்லை. பட்டாசு லேபிள் அடிக்கும் பிரஸ் முதலாளி சீனிவாசகம் அண்ணாச்சிதான் கிளப்புக்குத் தலைவர். மிதவைகளைச் சுற்றி முதலில் வருகிறவனுக்கு அவர் கையால் ஒரு கப்.

சோலைச்சாமி அவர் பிரஸ்ஸில் மிஷின் ஓட்டுகிறவர். வாயைத் திறந்தால் மூடமாட்டார். தோற்றால் காற்றைத் திட்டுவார். அவர் மனைவி பாண்டிலட்சுமிக்கு அச்சங்குளம் பக்கம் பட்டாசு வேலை. எங்காவது டமார் என்று கேட்டால் சோலைச்சாமி மிஷினை நிறுத்திவிட்டு மனைவிக்குப் போன் போடுவார். எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான். வேலையாட்களின் போனைக் கம்பெனி கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவதால் வாட்ச்மேன்தான் எடுப்பார். "அக்கா உள்ள நல்லா இருக்காக" என்ற பிறகுதான் மிஷின் மறுபடி ஓடும். அத்தனை வெடிக்கும் தப்பிய மனுஷியைப் போன ஆடியில் ஒரு காய்ச்சல் கொண்டுபோனது.

சோலைச்சாமி அழவில்லை. காரியம் முடிந்த மறுநாளே வேலைக்கு வந்தார். சொன்னதைச் செய்தார், கொடுத்ததைச் சாப்பிட்டார். எனக்கு அவரைப் பார்க்கவே பயமாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகள் பிரீத்திதான் அவரைக் கண்மாய்க்குக் கூட்டி வந்தாள்.

"மாமா, அப்பா இன்னும் அழுகவே இல்ல. அம்மா ஒட்டுன பாயப் பாத்தாலாவது அழுதுருவாகன்னு நெனச்சேன்," என்றாள் என்னிடம்.

பிளாஸ்டிக் தாளை வெட்டி, ஓரம் ஒட்டி, பாண்டிலட்சுமி கையால் செய்த பாய் அது. சோலைச்சாமி அதைப் படகில் மாட்டினார், முடிச்சுப் போட்டார். முகத்தில் ஒன்றுமில்லை.

வாடைக்காற்று நன்றாக அடித்தது. அவர் படகு முதல் மிதவையைச் சுற்றி எல்லோருக்கும் முன்னால் போனது.

"ஏலே, விட்ராத! கப்பு ஒனக்குத்தாம்லே!" என்று அண்ணாச்சி கத்தினார்.

"சரிங்கண்ணாச்சி," என்றார், லேபிள் ஆர்டர் வாங்குவதுபோல.

அப்போது கிழக்கே டமார் என்றது.

கம்பெனிகள் பூட்டியிருப்பது எங்களுக்குத் தெரியாதா? ஆனாலும் கை கேட்கவில்லை. ரிமோட்டைக் கரையில் போட்டுவிட்டு ஆளாளுக்குப் போனை எடுத்து வீட்டுக்குப் போட்டோம்.

பிரீத்தியின் பைக்குள் பாண்டிலட்சுமியின் போன் அடித்தது. அம்மா போனை அணைக்க மனசு வராமல் அவள் அதைக் கூடவே வைத்திருந்தாள். எட்டத்தில் அவள் அப்பா காதில் போனோடு கிழக்கே பார்த்து நின்றார். அவள் எடுத்தாள்.

"அப்பா..."

"பிரீத்தியா? அம்மாகிட்டக் குடு தாயி."

மறுபடி உருண்டு இடித்தது.

"அட, மழை இடிலே," என்றார் அண்ணாச்சி.

சோலைச்சாமி மெல்லத் திரும்பி, மகள் கையிலிருந்த போனைப் பார்த்தார்.

"நல்லா இருக்காளா? அத மட்டும் சொல்லு," என்று போனிலேயே கேட்டார். கேட்கும்போதே குரல் உடைந்துவிட்டது. அப்படியே கரை மண்ணில் உட்கார்ந்து அழுதார். அந்த அழுகையை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

மழை பிடித்துக்கொண்டது. படகுகள் தம் போக்கில் போய்க் கோரையில் முட்டி நின்றன, யாரும் எடுக்கப் போகவில்லை. பிரீத்தி அவரை ஒட்டி உட்கார்ந்தாள். இரண்டு பேருமே போனை இன்னும் காதிலிருந்து எடுக்கவில்லை.