ராகுவுக்கு எந்த ஊர் நேரம்?

போன வாரம் பரளச்சியில் ஒரு காதுகுத்து. பந்தியில் உட்கார்ந்து ரசம் வரைக்கும் வந்துவிட்டேன். அப்போது மேலே... ஒரு சின்ன விமானத்தின் சத்தம். ஒற்றை என்ஜின்!

எச்சில் கையோடு வெளியே ஓடினேன்.

"என்ன மாப்ளே, பாயாசம் வர முந்தியே எந்திரிச்சிட்டீக? எதுவும் குறையா?" வீட்டுக்காரர் பதறிப்போய்ப் பின்னாலேயே வந்தார். பந்தியில் பாதியில் எழுந்தால் எங்கள் பக்கம் சண்டை என்று அர்த்தம். அவரைச் சமாதானப்படுத்துவதற்குள் விமானம் போயே போய்விட்டது.

நாற்பது தாண்டியவனுக்கு இது தேவையா? தேவைதான். நான் பைலட் ஆகியிருக்க வேண்டியவன்!

சிரிக்காதீர்கள். பெரிய ஜெட் எல்லாம் இல்லை. சொந்த ஆசைக்கு ஓட்டுகிற தனியார் பைலட் லைசென்ஸ். எண்பதுகளின் கடைசி. அருப்புக்கோட்டையில் எங்கள் வத்தல் கடையில் உட்கார்ந்துகொண்டு, மதுரையில் ஏறி, பாளையம்பட்டிக்கு மேலே திரும்பி, திருச்சுழி வரைக்கும் ஒரு சுற்று வரவேண்டும் என்று ஏங்கிக் கிடந்தேன். எங்கள் கரிசல் காட்டையும் வறண்ட கண்மாயையும் மேலேயிருந்து பார்த்தால் எப்படி இருக்கும்? அவ்வளவுதான் ஆசை.

இங்கே பறக்கக் கற்றுக்கொள்ளக் கேட்டால், இருப்பது ஒரே விமானம், அதுவும் ரிப்பேர் என்றார்கள். ஆகவே ஏற்பாடு இரண்டு தேசத்தில். எழுத்துப் பரீட்சையும் டாக்டர் சோதனையும் மெட்ராஸில். பறக்கிற பயிற்சியும் கடைசிப் பரீட்சையும் மலேசியாவில் — அங்கே பெரியப்பா மகன் கடை வைத்திருந்தான். மெட்ராஸில் பாஸ். மலேசியாவில் தனியாகவே பறந்தும் விட்டேன். அந்தச் சந்தோஷத்தை இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

பாக்கி, கடைசிப் பரீட்சை. திங்கட்கிழமை காலை பத்து மணி. முந்தின நாள் அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"திங்கக்கிழம ஏழரை ஒம்பது ராகு காலம்யா. முடிஞ்சப்புறம் ஏறு."

"பரீட்சை பத்துக்குத்தான்மா."

"நம்ம ஊருல அப்ப மணி என்ன?"

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "ஏழரை" என்று சொல்லித் தொலைத்தேன்!

"ஆத்தாடி! சரியா ராகு காலம் பொறக்கைலயா ஏறப்போற?"

"ராகுவுக்கு எந்த ஊரு நேரம்மா? இங்க சூரியன் முன்னாடியே உதிச்சிருதுல்ல?"

"அது அந்த ஊருல பொறந்தவுகளுக்கு. நீ அருப்புக்கோட்டையில பொறந்தவன். ஒனக்கு நம்ம ஊரு நேரந்தான். எம்மேல சத்தியம் பண்ணு."

பண்ணினேன். மீறினால் அவளுக்குத் தெரியவா போகிறது? தெரியாது. ஆனால் மேலே போனபின் என்ஜின் லேசாக இருமினாலும் எனக்கு அம்மா ஞாபகம் வருமே! அந்தப் பயத்தோடு விமானம் ஓட்ட முடியுமா?

பரீட்சை எடுப்பவர் ஒரு சீனப் பெரியவர். தயங்கித் தயங்கி உள்ளதைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. தன் வீட்டிலும் நாள் பார்ப்பதுண்டு என்று சிரித்து, பதினொன்றரைக்கு — அம்மா கணக்கில் ஒன்பதுக்கு — வரச் சொன்னார்.

பதினொன்றுக்கு வானம் கறுத்தது. எங்கள் ஊரில் வேண்டி வேண்டிக் கூப்பிட்டாலும் வராத மழை, அங்கே சாயங்காலம் வரைக்கும் கொட்டித் தீர்த்தது. மறுநாள் காலையிலேயே ஊருக்கு விமானம்; விசாவும் அதோடு முடிகிறது. ஊர் திரும்பினேன்.

அடுத்த வருஷம் போகலாம் என்றிருந்தேன். அப்பா படுத்தார். கடை என் தலையில் விழுந்தது. எழுதிய பரீட்சையும் காலாவதி ஆனது. சொல்கிறேனே... இன்றுவரை ஆறவில்லை. திருச்சுழிக்கு பஸ்ஸில் போகும்போதெல்லாம் மனசு மேலேதான் போகிறது.

சரி, அம்மா கதைக்கு வருகிறேன். இந்த வருஷம் பம்பாயில் தங்கச்சிக்குப் பிரசவம். அவசரம் என்பதால் அம்மாவை மதுரையில் விமானம் ஏற்றிவிடப் போனேன். அவளுக்கு அதுதான் முதல் தடவை. வெள்ளிக்கிழமை, பதினொரு மணி விமானம். எனக்குத்தான் பகீரென்றது.

"அம்மா, பத்தரை பன்னெண்டு ராகு காலமாச்சே?"

அம்மா பையைத் தூக்கிக்கொண்டு நிம்மதியாகச் சொன்னாள்: "நான் சும்மா ஒக்காந்து போறவதானய்யா. ஓட்டுறவுகளுக்கு அவுக அம்மா பாத்துத்தான் அனுப்பியிருப்பாக."

அந்த அம்மா பார்க்கவில்லை போலிருக்கிறது. விமானம் சரியான நேரத்துக்குக் கிளம்பியது!