ஸ்கேனுக்கு ஒரு மஞ்சள் தாலி

ஸ்கேன் ரூமுக்குள்ள உலோகம் ஆகாது. தாலியும்தான். கழட்டவே மாட்டேன்னு என் பொண்டாட்டி ஒத்தக்கால்ல நின்னா. கடைசியில, மஞ்சள் கயித்துல ஒரு மஞ்சள் கிழங்கை முடிஞ்சு நான் முதல்ல கட்டணும், அப்புறம்தான் தங்கம் இறங்கணும்னு சம்மதிச்சா. கழுத்து ஒரு நிமிஷம்கூட வெறுமையா இருக்கக்கூடாதாம்.

அவ தலைக்குள்ள கட்டி. ஏதோ மருந்தைக் குடிக்க வெச்சு, மண்டையைத் திறந்து, கட்டி மேல வெளிச்சம் பாய்ச்சினாங்க. மருந்து ஊறின கட்டியை அந்த வெளிச்சம் பொசுக்கிடுமாம். அப்புறம் சில நாள் அவ மேல வெயில் படக்கூடாது. சிட்லபாக்கத்து வீட்டுல ஜன்னலுக்கெல்லாம் போர்வை கட்டினேன். "ஏரிக்காத்து வரும்னுதானே இந்த வீட்டை வாங்கினீங்க"ன்னு சிரிச்சா. எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. அழத் தெரியாம அவ மேலயே எரிஞ்சு விழுந்தேன்.

கட்டி அடங்குதான்னு பாக்க அடிக்கடி ஸ்கேன். தாம்பரத்துல, ஸ்கேன் சென்டர் வராண்டாவுல, அத்தனை பேர் முன்னாடி மூணு முடிச்சு போடுவேன். தங்கத்தைச் சட்டைப் பையில போட்டுப்பேன்.

"ஏங்க, எத்தனை தடவைதான் என்னையே கட்டிப்பீங்க?"

"சும்மா இருடி. வெளிய வந்ததும் மாட்டி விடறேன்."

ஒவ்வொரு தடவையும் இதே பேச்சுதான்.

திடீர்னு அவளுக்கு இடது கை வரலை. படத்துல ஒரு வெள்ளை வளையம். கட்டியாவும் இருக்கலாம், வெளிச்சம் பட்ட இடத்து வீக்கமாவும் இருக்கலாம், ரத்த ஓட்டத்தைப் பாக்கற ஸ்கேன் எடுத்தாத்தான் பிடிபடும்னாங்க. வீக்கமா இருக்கணும்டா முருகான்னு குன்றத்தூர் இருக்கற திசையைப் பாத்துக் கும்பிட்டேன். பொண்டாட்டிக்கு வீக்கம் வேணும்னு வேண்டிக்கிட்டவன் நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்.

அந்த இடத்துல ரத்தம் தாராளமா ஓடுதுன்னார் டாக்டர். கட்டிதான், திரும்ப வளருது. இனிமே வைத்தியத்தால பிரயோஜனம் இல்லை, ஸ்கேனும் வேணாம்னார்.

வீட்டுக்கு வந்ததும் அவ தங்கத்தைத் தடவிப் பாத்துக்கிட்டு, "அப்பாடா, இனிமே இதைக் கழட்ட வேணாம்"னா.

அவ போன அன்னிக்கு, குளிப்பாட்டிக் கிடத்தினப்புறம், என் அக்கா ஒரு மஞ்சள் கயித்தை நீட்டினா. "சுமங்கலியாப் போறா. இதைக் கட்டிட்டுத் தங்கத்தைக் கழட்டுடா."

எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கலை. மூணு முடிச்சு போட்டேன். தங்கத்தைக் கழட்டி வழக்கம்போல சட்டைப் பையில போட்டுக்கிட்டேன்.

"வெளிய வந்ததும் மாட்டி விடறேன்"னு வாய் தானா சொல்லிடுச்சு.